செட்டிநாட்டு வீடு: அளவும் பழுதும் பார்வையும்

காரைக்குடியை நடுவாக வைத்துச் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களைச் செட்டிநாடு என்பார்கள். அங்கே நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் கட்டிய பெரிய வீடுகளில் மிகுதியானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940க்கும் இடைப்பட்டவை. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிப் படுகையில் காடழித்து நெல் விளைவிக்கத் தொடங்கினார்கள். அந்த விளைச்சலுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் முதல் வரிசையில் நின்றார்கள். இரங்கூன், மோல்மேன், கொழும்பு, பினாங்கு, சைகோன் எல்லாம் அவர்கள் வழக்கில் 'கொண்டுவிக்கப் போன' ஊர்கள். அங்கே ஈட்டிய பணம் சொந்த ஊரில் வீடாக எழுந்தது. 1930களின் உலக மந்தத்தில் அந்த வருவாய் தளர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் அடியோடு நின்றது. வீடு கட்டுவதும் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது. பெரும் செலவில் எழுந்து, பிறகு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்த கவனிப்பிலேயே நிற்கும் வீடுகள் இவை. அவற்றைப் பழுது பார்க்கிறவரும் சுற்றிக் காட்டுகிறவரும் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

வீட்டின் அமைப்பு ஒரு நேர்கோடு. முன்தெருவில் வாசல், பின்தெருவில் கொல்லைக் கதவு. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தால் முன்வாசலில் நிற்பவரின் கண் கடைசிக் கட்டு வரை ஓடும். திண்ணையும் தூண்களும் கொண்ட முகப்பில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்து வரவு செலவு பார்த்தார். உள்ளே நுழைந்தால் வளவு: வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு 'புள்ளி'. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி அறை, தனி வரவு செலவு, 'வேறு வைத்த' பின் தனிச் சமையல். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் தனித்தனிப் பொறுப்போடு வாழ்ந்த ஏற்பாடு அது. இரண்டாங்கட்டில் பெண்களின் புழக்கமும் சாமான் அறைகளும், மூன்றாங்கட்டில் அடுப்படியும் கிணறும். 20ஆம் நூற்றாண்டில் கட்டியவர்கள் இதோடு கல்யாணக் கூடங்களையும் மாடிகளையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் சேர்த்தார்கள். ஆனாலும் முகப்பு, வளவு, கட்டு என்ற முதுகெலும்பு எங்கும் மாறவில்லை.

இத்தகைய வீட்டைத் திருத்த முனைபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை அளவெடுப்பு. வரைபடம் இல்லாமல் தொடங்கிய பழுதுபார்ப்பு பாதியில் திசைமாறிப் போவதைச் செட்டிநாட்டில் பல வீடுகளில் காணலாம். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் வரைபடமே கிடையாது. கட்டிய ஸ்தபதியும் ஆசாரியும் கணக்கை மனத்தில் வைத்துத் தரையில் கயிறு பிடித்து வீட்டை எழுப்பினார்கள். மீட்டர் நாடாவோடு வருகிற இளம் கட்டடக்கலைஞருக்கு முதல் நாளில் கிடைப்பவை எல்லாம் ஒழுங்கற்ற எண்களாகத் தோன்றும். சிற்ப மரபில் ஒரு தச்சு முழம் 24 அங்குலம். அந்த அங்குலம் ஆங்கில அங்குலத்தைவிடப் பெரியது என்பதால் முழம் ஏறக்குறைய 33 ஆங்கில அங்குலம் வரும். தூண் இடைவெளியையும் முற்றத்தின் அகலத்தையும் இந்த முழத்தால் வகுத்துப் பார்க்கும் இடங்களில் சிதறிய எண்கள் சில வேளை முழு எண்களாகக் கூடிவரும். அப்படி வந்தால் எந்தச் சுவர் முதலில் கட்டியது, எது பிற்காலத்தில் நுழைந்தது என்பதற்கு அதுவே ஒரு துப்பு. ஊரில் உள்ள மூத்த ஆசாரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவெடுப்பதன் பயன் இங்கே தெரியும். அவர் மனையடிக் கணக்கு சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற அளவெடுப்பாளர் வீட்டின் இலக்கணத்தையே கைவிட்டுவிடுகிறார்.

அளவெடுப்பில் சில ஒழுக்கங்கள் உண்டு. அறையின் நான்கு பக்கத்தை மட்டும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்க வேண்டும். பழைய அறைகள் பார்வைக்குச் சதுரமாக இருந்தாலும் குறுக்களவுகள் ஒத்துப்போவது அரிது. நாடாவை ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டு கதவு, நிலை, தூண் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து நீண்ட வீட்டில் ஒரு கையகலம் தள்ளிப்போகும். மட்டத்துக்கு நீர் நிரப்பிய குழாய் போதும், சுவரின் நிமிர்வுக்குத் தூக்குக்குண்டு போதும். கடைசியில் வெளியளவையும் உள்ளளவுகளின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட வேண்டும். சுவர்களின் கனத்தைக் கழித்த பிறகும் சில அடி மிஞ்சினால், அங்கே அடைத்துப்போன படிக்கட்டோ பெட்டக அறையோ இருக்க வாய்ப்புண்டு. இருட்டில் சுவரைத் தட்டித் தேடாமல், மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டே மறைந்த அறையைக் கண்டுபிடிக்கலாம். அளவெடுப்பில் இதைவிட மகிழ்ச்சி தரும் நேரம் வேறில்லை.

அடுத்தது நோய் பார்ப்பது. செட்டிநாட்டு வீட்டின் நோய்களில் பெரும்பகுதி தண்ணீரிலிருந்து வருகிறது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் தண்ணீரை ஒரு செல்வமாகவே நடத்தினார்கள். மழை குறைந்த சீமை என்பதால், வளவைச் சுற்றிய சரிவுக் கூரைகள் நீரை முற்றத்துக்குள் இறக்கின. அங்கே பாத்திரங்களில் பிடித்தது போக மிஞ்சியது கல்பாவிய தரையின் வடிகால் வழியே வெளியேறியது. தெருக் கால்வாய்கள் வழியாக ஊர் நீர் ஊரணிக்குச் சேர்ந்தது. வீட்டுக் கூரையும் ஊர் ஊரணியும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அந்தச் சங்கிலி எங்கே அறுந்தது என்பதே அளவெடுப்பாளரின் முதல் கேள்வி. பெரும்பாலும் விடை வீட்டுக்குள் இருக்காது. தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் போட்டதில் தெரு உயர்ந்து, வீட்டின் படிகள் ஒவ்வொன்றாகப் புதைந்திருக்கும்; வெளியேற வேண்டிய நீர் திரும்பி அடித்தளத்துக்குள் நுழையும். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவுறுத்தியது. அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் உயர்ந்தபடியேதான் இருக்கின்றன.

கூரைக்கு ஏறினால் இரண்டு வகை மூடல்களைப் பார்க்கலாம். ஒன்று ஓடு. கையால் வனைந்த நாட்டு ஓடுகளைச் செட்டிநாட்டில் பல அடுக்காக மேய்ந்தார்கள். அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்று வெயிலைத் தடுத்தது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், தட்டையான மங்களூர் ஓடும் தென்னாடெங்கும் பரவியது. நாட்டு ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு மங்களூர் ஓடு போடும்போது கைமரத்தின் மீதுள்ள பாரம் குறைகிறது. அதோடு அறைக்குள் வெப்பமும் கூடுகிறது. இந்தப் பேரத்தை வீட்டுக்காரருக்கு விளக்கிச் சொல்லாமல் செய்வது சரியல்ல. மற்றொன்று மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம். தேக்குச் சட்டங்களின் மேல் சிறிய அச்சுக்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்பிக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, வரிசையாக உட்கார்ந்த பெண்கள் நாள்கணக்கில் கட்டையால் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். மேலே தட்டோடு. இந்தத் தளம் கசியும்போது அதன் மேல் சிமெண்ட் பூசுவது ஊர்தோறும் நடக்கிறது. சில ஆண்டுகளில் சிமெண்ட் வெடித்து, அந்த வெடிப்பு வழியாக இறங்கிய நீர் வெளியே வர வழியில்லாமல் கீழே உள்ள தேக்குச் சட்டத்தின் முனையில் தங்கிவிடும். சட்டம் சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைதான் முதலில் இற்றுப்போகும். கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதியோ கடைசி நாள் வரை புதிதுபோலவே இருக்கும். ஆகவே மரத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சுத்தியின் கைப்பிடியால் நுனிவரை தட்டிக் கேட்க வேண்டும்; உள்ளீடற்ற ஒலி வரும் இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்திப் பார்க்க வேண்டும்.

விரிசல்களைப் பார்த்துப் பதற்றம் அடைவது இயல்பு. ஆனால் எல்லா விரிசலும் ஆபத்தைச் சொல்வதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை அடித்தளம் இறங்கி, பிறகு அசையாமல் நிற்கிற சுவரில் உள்ள கோடு வெறும் தழும்பு. இன்றும் நகர்கிற விரிசலே காயம். இரண்டையும் பிரித்தறிய எளிய முறை ஒன்று இருக்கிறது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இருபுறமும் பூச்சு வைத்து ஒட்டி, அதன் அருகே தேதி எழுத வேண்டும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். இந்தச் சோதனைக்கு ஒரு முழு ஆண்டு தேவை. கண்மாயை ஒட்டிய களிமண் நிலம் ஐப்பசி மழையில் ஊதி, சித்திரை வெயிலில் சுருங்கும். இரண்டு பருவத்தையும் பார்த்தால்தான் சுவரின் குணம் தெரியும். ஒரு வாரத்தில் அறிக்கை கேட்கிற வீட்டுக்காரருக்கும், கொடுத்துவிடுகிற கட்டடக்கலைஞருக்கும் இது பொருந்தாத வேகம். சில விரிசல்களுக்குக் காரணம் மண்ணும் அல்ல. 20ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த இரும்பு உத்திரங்கள் சுவருக்குள் துருப்பிடித்துப் பருக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் உத்திரத்தின் நெடுகப் பூச்சு பிளக்கும். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றும் இப்படித்தான். இலையைக் கிள்ளிவிட்டு இறங்குவதில் பயனில்லை. வேர் காரையைத் தின்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

சுண்ணாம்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இந்த வீடுகளின் உயிர் அதில்தான் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை நீருக்குள் நாள்பட ஊறவைத்து, மணலோடு அரைத்துக் காரை ஆக்குவார்கள். சுவரில் ஏறிய பிறகு அது காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி, மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. இறுகச் சிமெண்ட் எடுக்கும் நாள்களைவிட இது எடுக்கும் காலம் மிக நீண்டது. அந்தத் தாமதத்தில்தான் அதன் வலிமை இருக்கிறது: சுவர் சற்று அசைந்தால் காரையும் சற்று இசைந்து கொடுக்கும். நுண்ணிய கீறல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து ஓரளவு அடைத்துக்கொள்ளும். சுவருக்குள் புகுந்த ஈரம் காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும்.

சிமெண்டுக்கு இந்தக் குணங்கள் இல்லை. பழைய செங்கல்லைவிட அது கடினமானது. ஈரத்தை வெளியே விடாது. சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைப் பார்த்து மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் அந்த மூன்றடியையும் கடந்து நான்காவது அடியில் வெளிப்படும். அடுத்த ஆண்டு ஐந்தடிக்குப் பூசுவார்கள். இதற்குள் செங்கல்லே மாவாகத் தொடங்கியிருக்கும். பிளாஸ்டிக் வண்ணப் பூச்சும் இதே தீங்கைச் செய்கிறது. கண்ணாடிபோல வழவழக்கும் செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சின் மேல் வண்ணம் அடித்த வீடுகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கரடான காரையில் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தியதைவிட மென்மையாகப் பல படிகள் பூசி, கடைசிப் படியில் வெள்ளைச் சுண்ணாம்பு விழுதோடு முட்டை வெண்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய வேலை அது. கோடையில் அதில் முதுகைச் சாய்த்தால் குளிர்ச்சி தெரியும். அதற்கு வண்ணமே தேவையில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இதைச் சொல்லும்போது சிமெண்டையே பகையாக்கிவிடக் கூடாது. செட்டிநாட்டின் பெருமையான ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பி, நீரில் ஊறவைத்துக் காயவிட்டால் கண்ணாடி தானே விலகும். சூளையில் சுடுவது கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்துவிடும். நடந்து நடந்து அது மேலும் மெருகேறும். புதிய பொருளைத் தன் கைப்பக்குவத்துக்குள் கொண்டுவந்த ஊர் அது. கேடு விளைவது பொருளாலன்று, பொருந்தாத இடத்தில் அதை வைப்பதால்தான். அளவெடுப்பாளர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பெயர்க்கச் சொல்லும் முன் இருமுறை யோசிக்க வேண்டும். பதித்த கல் உடையாமல் வருவது கடினம். பெயர்த்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, படமெடுத்து, அதன் பிறகே கை வைக்க வேண்டும்.

சுவரையும் கூரையையும் படித்து முடித்தாலும் அளவெடுப்பு முடிவதில்லை. செட்டிநாட்டில் கடினமான பகுதி பூட்டிய அறைகள். ஒரு பாட்டனார் கட்டிய வீடு மூன்று தலைமுறையில் பல புள்ளிகளின் பங்காகிவிட்டது. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, சாவி அந்தந்தப் பங்காளியிடம். பொதுவான வளவுக்கு யாரும் செலவு செய்யலாம் என்பதால் யாரும் செய்வதில்லை. பூட்டிய அறையின் கூரை ஒழுகினால் அடுத்த அறைச் சுவரில் ஈரம் வரும் வரை யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் எல்லாரும் கூடி எல்லா அறைகளும் திறக்கும் அந்த இரண்டு மூன்று நாள்கள்தாம் அளவெடுப்புக்கு ஏற்ற நாள்கள். ஊரறிந்த கட்டடக்கலைஞர் படைப்பு நாளை முதலில் விசாரித்துக்கொண்டு வருகிறார். வீட்டு வரைபடத்தோடு, எந்த அறை யார் பங்கு, எது பொது என்று குறித்த இரண்டாவது படமும் வேண்டும். பழுதுபார்க்கும் செலவைப் பிரிப்பதற்கு அதுவே அடிப்படை. இது கட்டடக்கலைப் படிப்பில் சொல்லித்தராத பாடம். ஆனாலும் பல வீடுகள் கறையானால் விழுந்ததைவிட இந்தப் பாடம் தெரியாததால் விழுந்தன.

கட்டடக்கலைஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்வி இங்கே எழும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை மன்றத்தில் பதிவு பெற்றவர் மட்டுமே தன்னைக் கட்டடக்கலைஞர் என்று அழைத்துக்கொள்ளலாம். பதிவு ஒரு தகுதி, அது சுண்ணாம்பு தெரியும் என்பதற்கு உறுதியில்லை. ஐந்தாண்டுப் படிப்பின் பெரும்பகுதி கான்கிரீட்டைப் பற்றியது. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இதற்கு முன் செய்த பழைய வீட்டை மழைக்காலம் இரண்டு கடந்த பிறகு காட்ட முடியுமா? சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது, எத்தனை நாள் ஊறுகிறது? வேலைக்கு வருகிற கொத்தனார் யார், அவர் கடைசியாகச் சுண்ணாம்புப் பூச்சு பூசியது எங்கே? முழுச் சுவருக்கும் கை வைக்கும் முன் ஒரு மூலையில் மாதிரி பூசி ஒரு மாதம் விட்டுப் பார்க்கச் சம்மதமா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவர் கிடைத்தால் கூலி சற்றுக் கூடினாலும் பொருட்படுத்த வேண்டாம். இறுதிச் சொல் பல நேரம் கொத்தனாருடையது. காரையை விரலில் எடுத்துத் தேய்த்து "இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க" என்று சொல்கிற மேஸ்திரியின் அறிவு எந்த அட்டவணையிலும் இல்லை. அவரை மதிக்கத் தெரிந்த கட்டடக்கலைஞரே பழைய வீட்டுக்கு ஏற்றவர்.

லாரி பேக்கர் அப்படி ஒருவர். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த அவர், ஊர்க் கொத்தர்களோடு தளத்திலேயே நின்று வரைந்து கட்டியவர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் மக்களுக்குத் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் தொடக்க வடிவமைப்பு அவருடையது. பென்னி குரியகோஸ் அதைத் தொடர்ந்தார். இடிக்கவிருந்த வீடுகளைப் பிரித்து, எண்ணிட்டு, அங்கே கொண்டுவந்து மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். அவற்றில் செட்டிநாட்டு வீடும் உண்டு. செட்டிநாட்டுக்குள்ளேயே, கொத்தமங்கலத்தில் 1910இல் கட்டிய சாரதா விலாஸ் வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் மிஷேல் அட்மான், பெர்னார் திரகோன் இருவரும் புதுப்பித்துத் தங்குமிடமாக்கினார்கள். அதோடு நிற்காமல் வட்டாரத்தின் வீடுகளையும் ஊரமைப்பையும் ஆவணப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டார்கள். செட்டிநாட்டு வணிகர் ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பட்டியல் ஒரு மதிப்பே தவிரச் சட்டக் காப்பு அல்ல. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டமும் அறிவிக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைக் காக்கின்றன. பங்காளிகள் பூட்டு போட்ட வீடு அவற்றின் கீழ் வருவதில்லை. 2012ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் அந்த இடைவெளியை நிரப்ப வந்தது.

காப்பு இல்லாத வீடு எப்படி மறைகிறது என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் காணலாம். வளவுத் தூண்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். நிலைக்கதவுகள், போதிகைகள், இரும்பு அழிகள், எனாமல் பாத்திரங்கள், குடும்பப் புகைப்படங்கள்கூட விலைக்கு உண்டு. முழு வீட்டுக்கு விலை கிடைக்காதபோது உறுப்புகளுக்கு விலை கிடைக்கிறது; பங்கைப் பிரிப்பதற்கு அது எளிது. விற்பவரைக் குறைசொல்வது நியாயமில்லை. கூரை ஒழுகும் வீட்டைப் பத்துப் பேர் சேர்ந்து காக்க முடியாதபோது தூணை விற்றுப் பங்கு பிரிக்கிறார்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் ஒரு நாள் அளவெடுப்புக்கு இடம் கொடுக்கலாம். வீடு போனாலும் அதன் வரைபடம் மிஞ்சும். அதைப் பார்த்து வேறொரு வீட்டின் உடைந்த பகுதியைத் திருத்தலாம்.

வீடுகளைத் திறந்து காட்டும் சுற்றுலாவுக்கு இந்தச் சூழலில்தான் பொருள் உண்டாகிறது. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி ஊர்களில் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக் காட்டுகிறார்கள், சில தங்குமிடங்களாகியிருக்கின்றன. கட்டணம் காவலாளியின் சம்பளத்துக்கும் ஓடு மாற்றுவதற்கும் போனால் அந்த வீடு பிழைக்கிறது. வழிகாட்டிகளின் பேச்சில்தான் குறை மிகுதி. தேக்கு பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, ஓடு ஜப்பானிலிருந்து என்று கப்பல் பட்டியலாகவே சுற்றுலா நடந்து முடிகிறது. அவை உண்மையாகவே வந்தன. ஆனால் வீட்டின் எடையில் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே பிறந்தது: செங்கல், செம்புறாங்கல், கருங்கல், சுண்ணாம்பு. வீட்டை நிற்கவைப்பதும் குளிர்விப்பதும் இவைதாம். வந்த பொருளை வியக்கும் பார்வையாளர், அதைத் தாங்கிப் பிடித்த கைவேலையைக் காணாமலே வெளியேறுவது பெரும் இழப்பு.

நல்ல சுற்றுலா வீட்டு வாசலில் தொடங்காது, ஊரணிக்கரையில் தொடங்கும். அங்கிருந்து தெருக் கால்வாயைப் பின்பற்றி வந்து, திண்ணையில் உட்காரவைத்து, முற்றத்து வடிகாலைக் காட்டி, கூரைச் சரிவை அண்ணாந்து பார்க்கச் செய்தால் நீரின் வழி முழுதும் ஒரே கதையாக விளங்கும். சரிவாக வெளிச்சம் விழும் காலை நேரமே வளவுக்கு உகந்தது. மெருகுச் சுவரில் கதிர் வழுக்கிப் போவது அப்போதுதான் தெரியும். அடுப்படியையும் சாமான் அறையையும் காட்டாமல் முகப்போடு அனுப்பிவிடக் கூடாது. அந்த வீட்டில் பெண்களின் வாழ்நாள் முழுதும் கழிந்த இடம் பின்கட்டு. மாடியின் மரத்தளத்தில் ஒரே நேரத்தில் கூட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்வதும், திரைப்படப் பிடிப்புக்கு விடும்போது சுவரில் ஆணி அடிக்காமல் தடுப்பதும் காவலாளியின் பொறுப்பாகிவிடுகிறது. அவருக்கு அந்த அதிகாரத்தை வீட்டுக்காரர்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தெருவையே படிக்கும் பழக்கம் தமிழ்நாட்டு நகரங்களிலும் வளர்ந்திருக்கிறது. சென்னையில் 2004 முதல் ஆகஸ்ட் 22ஐ ஒட்டிக் கொண்டாடும் மெட்ராஸ் தினம் மரபு நடைகளைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான சு. முத்தையா செட்டிநாட்டின் பள்ளத்தூர்க்காரர். புதுச்சேரியில் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் தெருவாகவே சீரமைத்தது. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. ஒரு வீட்டைத் தனியே காப்பதைவிட ஒரு தெருவைச் சேர்த்துக் காப்பது எளிது என்பதை அந்த வீதி காட்டியது. செட்டிநாட்டுக்கு இந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை. அரண்மனைபோன்ற வீடு ஒன்று மினுங்க, இருபுறமும் கூரை இறங்கிய வீடுகள் நிற்கும் தெருக்களே அங்கு மிகுதி.

திருத்திய வீடாயினும் திருத்தாத வீடாயினும் ஆண்டு வேலை ஒன்றுதான். புரட்டாசி முடிவதற்குள் ஆள் ஏற்றி, உடைந்த ஓடுகளை மாற்றி, கூரைகள் கூடும் மூலைக் குழிவுகளில் தேங்கிய சருகை அள்ளி, கைப்பிடிச் சுவரின் முளைகளை வேரோடு பிடுங்கி, முற்றத்து வடிகாலில் ஒரு குடம் நீர் ஊற்றி அது தெருவில் எங்கே வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். விரிசல்களில் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளில் உடைந்தது எது என்று குறிக்க வேண்டும். பார்த்தவற்றைத் தேதியோடு எழுதிய நோட்டும் வரைபடத்தின் ஒரு பிரதியும் முகப்பு அலமாரியில் காவலாளியின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முதல் மழை பெய்கிற இரவில் விளக்கோடு வளவைச் சுற்றி வந்து, எந்த மூலையில் சொட்டு விழுகிறது என்று அந்த வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான்.